நிலைமின்னும் எரிபொருளும்: மாதிரி ஜெற் விமானம் முதல் மீன்பிடிப் படகு வரை

க.பொ.த. (உயர்தரம்) பௌதிகவியல்
அலகு: நிலைமின்னியல் – பிரயோகங்கள்

மாணவர்களே, நிலைமின் பற்றிய வினா வந்தவுடன் எபனைற்றுக் கோலையும் கம்பளித் துணியையும் எழுதிவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்கின்றனர். பிரயோகப் பகுதிக்குரிய புள்ளிகள் அங்கேயே இழக்கப்படுகின்றன. நாரந்தனையிலோ ஊர்காவற்றுறையிலோ வெளியிணைப்பு இயந்திரப் படகிற்கு எரிபொருள் ஊற்றப்படுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே தொழிற்படும் தத்துவமே ரேபைன் என்னும் சுழலி பூட்டிய மாதிரி ஜெற் விமானத்திலும் தொழிற்படுகின்றது. இரண்டிலும் எரிபொருள் மண்ணெண்ணெய் வகையே.

1. ஏற்றம் தோன்றும் விதம்

மண்ணெண்ணெய் மிகக் குறைந்த கடத்துதிறன் உடைய திரவம். அது குழாயினுள் பாயும்போது திரவமும் குழாய்ச் சுவரும் தொட்டுப் பிரிவதால் ஒன்றில் நேரேற்றமும் மற்றதில் மறையேற்றமும் சேரும். பின்வரும் சந்தர்ப்பங்களில் ஏற்றம் அதிகரிக்கும்.

(அ) பாய்ச்சல் வேகம் கூடும்போது
(ஆ) நுண்ணிய வடியினூடாகச் செல்லும்போது
(இ) உயரத்திலிருந்து தெறித்து விழும்போது

2. ஆபத்து எங்கே உள்ளது?

காவலியில் உள்ள ஏற்றம் இடம்பெயர முடியாது. எனவே ஒரு புள்ளியில் பொறி தோன்றினாலும் சிறிதளவு ஏற்றமே இறங்கும். ஆனால் காவலியின்மேல் தனித்து நிற்கும் உலோகப் பொருளில் சேர்ந்த ஏற்றம் முழுவதும் ஒரே பொறியில் இறங்கிவிடும். பிளாத்திக்குக் கலனின் வாயில் வைத்த உலோகப் புனல் இதற்குச் சிறந்த உதாரணம். "உலோகம் கடத்தி, ஆகவே ஆபத்தில்லை" என எழுதுவது தவறு. புவியுடன் தொடுக்கப்பட்ட உலோகமே பாதுகாப்பானது.

3. உதாரணக் கணிப்பு

உலோகப் புனலொன்றின் கொள்ளளவம் 20 × 10⁻¹² பரட் எனவும், எரிபொருள் அதற்குக் கொண்டுவரும் ஏற்றம் செக்கனுக்கு 1 × 10⁻⁷ கூலோம் எனவும் கொள்க.

(i) அழுத்தம் 10,000 வோல்ற்று ஆகும்போது புனலில் உள்ள ஏற்றம்
= 20 × 10⁻¹² × 10⁴ = 2 × 10⁻⁷ கூலோம்

(ii) அதற்கு எடுக்கும் நேரம்
= 2 × 10⁻⁷ ÷ 1 × 10⁻⁷ = 2 செக்கன்

(iii) சேமிக்கப்பட்ட சக்தி
= ½ × 20 × 10⁻¹² × (10⁴)² = 1 × 10⁻³ யூல் = 1 மில்லியூல்

பெற்றோல் ஆவியும் வளியும் தகுந்த விகிதத்தில் கலந்திருப்பின் அதனைப் பற்றவைக்க ஏறத்தாழ 0.25 மில்லியூல் போதும். இங்கே அதன் நான்கு மடங்கு சேர்ந்துள்ளது.

(iv) புனல் 1 × 10⁶ ஓம் தடையினூடாகப் புவித்தொடுக்கப்பட்டால் அதன் அழுத்தம்
= 1 × 10⁻⁷ × 10⁶ = 0.1 வோல்ற்று

நிலைமின்னை வடிக்கத் தடித்த செப்புக் கம்பி அவசியமில்லை. மெல்லிய கம்பியே போதும். ஆனால் தொடர்பு அறுந்திருக்கக் கூடாது. விடையில் இக்கருத்தைத் தெளிவாகக் குறிப்பிடுக.

4. மாதிரி ஜெற் விமானம்

இதன் சிறிய சுழலி நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும். மண்ணெண்ணெயுடன் ஏறக்குறைய 5 சதவீதம் உராய்வுநீக்கி எண்ணெய் கலக்கப்படும். பிளாத்திக்குக் குழாய்களில் ஓடும் எரிபொருளாலும், வெளியேற்றுக் குழாயில் விரையும் வாயுவாலும் ஏற்றம் தோன்றும். உடல் கண்ணாடி நாரால் ஆனதாகையால் உலோகப் பகுதிகள் ஒன்றிலிருந்து ஒன்று தனித்து நிற்கும். அவற்றிற்கிடையே பாயும் பொறி வானொலி அலைகளை எழுப்பும். அதனால் வாங்கி குழம்பலாம். இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் இலத்திரனியற் கருவி நின்றும் போகலாம். வானில் அது நின்றால் இயந்திரமும் நின்று விமானம் உந்துகையை இழக்கும்.

தடுக்கும் முறைகள்:
• சுழலியின் உறை, வெளியேற்றுக் குழாய், எரிபொருட் பம்பி, உலோகச் சக்கரத்தாங்கி ஆகியவற்றை மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று இணைத்தல்.
• வாங்கியின் கம்பிகளை எரிபொருட் குழாய்களிலிருந்து விலக்கி வைத்தல்.
• எரிபொருள் நிரப்பு முன்னர் கலனையும் விமானத்தையும் கம்பியால் தொடுத்தல்.

பெரிய விமானங்களிலும் குழாயைப் பொருத்துமுன் தொடுப்புக் கம்பி இணைக்கப்படும். குழாயைக் கழற்றிய பின்னரே அது அகற்றப்படும். பலாலி விமான நிலையத்தில் விமானத்தை அருகிற் காண நேர்ந்தால் சிறகின் பின்விளிம்பில் நீட்டியிருக்கும் மெல்லிய கோல்களை அவதானியுங்கள். பறக்கையில் சேரும் ஏற்றத்தை அவை பொறியின்றி வளியிற் கசியவிடுகின்றன.

5. கரையில் உள்ள பாடம்

மண்ணெண்ணெயில் ஓடும் படகு இயந்திரங்கள் பல பெற்றோலில் தொடக்கப்படுகின்றன. ஆகையால் ஒரே கலனை இரண்டிற்கும் பயன்படுத்தும் எண்ணம் எழலாம். மண்ணெண்ணெயின் எரிபற்று வெப்பநிலை ஏறத்தாழ 38 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேல். பெற்றோலினது ஏறத்தாழ –40 பாகை. பெற்றோல் நிரம்பிய கலனுள் ஆவி மிகச் செறிவாக இருப்பதால் பெரும்பாலும் பற்றாது. ஆனால் அடியில் சிறிது பெற்றோல் எஞ்சிய கலனுள் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஆவி ஐதாகி, எரியத்தக்க விகிதத்தை அடையும். அதே வேளை ஊற்றப்படும் மண்ணெண்ணெய் ஏற்றத்தையும் கொண்டுவரும். எரிபொருளும் பொறியும் ஒரே கணத்தில் சந்திக்கும் நிலை இதுவே.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்:
• பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெவ்வேறு கலன்கள் வைத்திருத்தல்.
• கலனைப் படகினுள்ளோ வாகனத்திலோ வைத்து நிரப்பாது நிலத்தில் வைத்து நிரப்புதல்.
• நிரப்பும் குழாயின் உலோக முனை கலனின் வாயைத் தொட்டபடி இருத்தல்.
• உலோகப் புனலாயின், ஊற்றத் தொடங்குமுன் அதை ஈரமணலிற் புதைத்த இரும்புக் கோலுடன் கம்பியால் இணைத்தல்.
• தெறிக்காது மெதுவாக ஊற்றுதல்.

6. மாதிரி வினா

தீவுப் பகுதியில் வளி ஈரலிப்பானது. அவ்வாறாயின் எரிபொருளில் நிலைமின் ஆபத்து இல்லை எனக் கூறலாமா? விளக்குக.

விடை: கூற முடியாது. ஈரலிப்பான வளியில் திண்மப் பொருள்களின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி ஏற்றம் கசியும். ஆனால் எரிபொருளில் தோன்றும் ஏற்றம் திரவத்தினுள்ளே இருக்கின்றது. அது திரவத்தினூடாகவே வெளியேற வேண்டும். திரவத்தின் கடத்துதிறனை வெளிவளியின் ஈரப்பதன் மாற்றுவதில்லை. எனவே புவித்தொடுப்பும் மெதுவான பாய்ச்சலும் எக்காலத்திலும் அவசியம்.

பயிற்சி: கொள்ளளவம் 100 × 10⁻¹² பரட் உடைய ஒருவரின் உடல் 5,000 வோல்ற்றுக்கு ஏற்றப்பட்டுள்ளது. சேமிக்கப்பட்ட சக்தியைக் காண்க. கலனின் மூடியைத் திறக்குமுன் அவர் புவித்தொடுத்த உலோகமொன்றைத் தொடவேண்டியதன் காரணத்தைத் தருக. (விடை: 1.25 மில்லியூல்)