ஒரு பள்ளிக்கு ஒரே குரல்

அன்புத் தங்கைக்கு,

பல நாடுகளின் பள்ளித் தலைமை ஆசிரியர்களிடம் ஆய்வு நடத்தும் குழுவில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ச்சி. எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது, எந்தச் சூத்திரத்தால் நாடுகளை ஒப்பிடுவது என்று கேட்டிருக்கிறாய். அவற்றைச் சொல்லித்தர நல்ல நூல்கள் இருக்கின்றன. கணினியில் ஓர் எண்கூட ஏறுவதற்கு முன்பு நடக்கும் வேலையைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன். உன் ஆய்வு நிற்பதும் விழுவதும் அங்கேதான் முடிவாகிறது.

இத்துறையில் மிகப் பெரிய முயற்சி, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு நடத்தும் டாலிஸ் ஆய்வு. 2008இல் 24 நாடுகளோடு தொடங்கியது. 2018இல் 48 ஆனது. 2024இல் 55 கல்வி அமைப்புகள் பங்கேற்றன. ஒரு நாட்டுக்கு ஏறத்தாழ 200 பள்ளிகள், ஒவ்வொரு பள்ளியிலும் 20 ஆசிரியர்கள், ஒரு தலைமை ஆசிரியர் என்பது அதன் அடிப்படைத் திட்டம். இந்தக் கணக்கை நிதானமாகப் பார். ஆசிரியர்களில் ஐந்து பேர் பதில் சொல்லாவிட்டாலும் அந்தப் பள்ளியைப் பற்றிப் பேச இன்னும் பதினைந்து பேர் இருப்பார்கள். தலைமை ஆசிரியர் மறுத்துவிட்டால் அந்தப் பள்ளியின் நிர்வாகத்தைப் பற்றிச் சொல்ல யாருமே இல்லை. அவர் பூசி மெழுகினாலும் திருத்துவதற்கு இன்னொரு குரல் கிடையாது. அந்த ஒரே குரல் உண்மையாக வருவதற்கு என்ன செய்தாய் என்பதுதான் உன் வேலையின் அளவு. நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கிறது.

முதலில், யாரிடம் கேட்கப் போகிறாய் என்பதைத் தீர்மானித்துக்கொள். கேட்க எளிதாகத் தோன்றும், எளிதல்ல. பிரான்சில் தொடக்கப்பள்ளியின் தலைவர் அடிப்படையில் ஓர் ஆசிரியர்தான். 2021 டிசம்பரில் வந்த சட்டம் அவர் கையைச் சற்று வலுப்படுத்தியது; ஆனாலும் சக ஆசிரியர்களை மதிப்பிடுவது வெளியிலிருந்து வரும் கல்வி ஆய்வாளரின் வேலை. போர்ச்சுகலில் பல பள்ளிகளை ஒரு தொகுப்பாக்கி, 2008ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு அதற்கு ஓர் இயக்குநரை அமர்த்துகிறார்கள். நெதர்லாந்தில் ஆசிரியர்களுக்கு வேலை தருவது பள்ளிக்கு மேலே இருக்கும் நிர்வாகக் குழு; ஒரே குழுவின் கீழ் பல பள்ளிகள் இயங்கலாம். "ஆசிரியரை நியமிக்கும் பொறுப்பு உங்களுக்கு உண்டா?" என்ற ஒரே கேள்விக்கு இம்மூவரும் தரும் பதில்களை ஒரே அட்டவணையில் வைத்துவிட்டு, ஒருவர் துணிச்சலானவர், இன்னொருவர் ஒதுங்கி நிற்பவர் என்று எழுதினால் அது அநியாயம். அவர்கள் வேறு வேறு நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயார் செய்: தலைமை ஆசிரியரை யார் நியமிக்கிறார்கள், அவர் பாடம் நடத்துகிறாரா, பணம் யார் கையில், ஆசிரியரை இடமாற்ற யாருக்கு அதிகாரம், அவர் பொறுப்பில் எத்தனை கட்டடங்கள். கேள்விகளை எழுத உட்காரும் முன்பே இந்தக் குறிப்பு உன் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது மாதிரிப் பள்ளிகள். பெரிய பள்ளிகள் தேர்வாக அதிக வாய்ப்புள்ள வகையில்தான் பெரும்பாலும் பட்டியல் எடுக்கிறார்கள். ஆசிரியர்களையோ மாணவர்களையோ ஆராய அது சரியான வழி. தலைமை ஆசிரியர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் கவனம் தேவை. எடைமதிப்பு போடாமல் சராசரி எடுத்தால் நகரத்துப் பெரிய பள்ளிகளின் குரல் ஓங்கி, மலைக்கிராமத்துச் சிறு பள்ளிகளின் குரல் அமுங்கிவிடும். மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா ஆய்வின் அறிக்கைகளைப் படித்தால், "இத்தனை சதவீதத் தலைமை ஆசிரியர்கள்" என்று சொல்லாமல், "இத்தனை சதவீத மாணவர்கள் படிக்கும் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள்" என்று சுற்றி வளைத்து எழுதியிருப்பதைக் காண்பாய். அங்கே மாதிரி மாணவர்களுக்காக எடுக்கப்பட்டது என்பதால் அப்படி எழுதுவதே நேர்மை.

ஒரு பள்ளி மறுத்தால், பட்டியல் எடுத்த அன்றே குறித்து வைத்த மாற்றுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். களப்பணியாளருக்குத் தெரிந்தவர், ஆய்வில் ஆர்வமுள்ளவர், போன வருடமும் உதவியவர் என்று ஆள் பிடிக்கத் தொடங்கினால், விரும்பிப் பேசுகிறவர்களின் நாடு ஒன்றை நீயே உருவாக்கிவிடுவாய். இந்த விதிகளை ஏட்டளவில் வைத்திருப்பதில்லை என்பதற்கு டாலிஸே சான்று. 2008இல் நெதர்லாந்து களப்பணி செய்தும் போதிய பள்ளிகள் பதில் தராததால் அதன் முடிவுகள் சர்வதேச ஒப்பீட்டில் சேர்க்கப்படவில்லை. 2013இல் அமெரிக்கா பங்கேற்பு விகிதத்தை எட்டாததால் அதன் எண்கள் அட்டவணைகளில் மற்ற நாடுகளுக்குக் கீழே தனியே நின்றன. பணமும் அனுபவமும் நிறைந்த நாடுகளுக்கே இந்த நிலை. உன் குழுவில் யாராவது "எப்படியாவது எண்ணிக்கையைக் காட்டிவிடலாம்" என்று சொன்னால், இந்த இரண்டு உதாரணங்களையும் அவர்கள் முன் வை.

பள்ளிக்குள் நுழைய அனுமதி வேண்டும். ஜெர்மனியில் 16 மாநிலங்களுக்கும் தனித்தனிக் கல்வி அமைச்சகங்கள். ஒரு மாநிலத்தின் ஒப்புதல் அடுத்த மாநிலத்தில் செல்லாது. தனிமனிதத் தரவுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் நடைமுறைப்படுத்திய பாதுகாப்பு விதிகள் வேறு. இவற்றுக்கெல்லாம் மாதக்கணக்கில் காலம் ஒதுக்கு. வேறு சில நாடுகளில் இயக்குநரகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனால் போதும், ஒரே வாரத்தில் எல்லாப் பள்ளிகளும் பதில் அனுப்பிவிடும். பதில் விகிதம் நூறைத் தொடுவதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதே. மேலதிகாரியின் கடிதத்தோடு வந்த கேள்விக்கு மேலதிகாரிக்கே பதில் எழுதுவது மனித இயல்பு. "உங்கள் பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை கற்பித்தலைப் பாதிக்கிறதா?" என்ற கேள்வி அவர் காதில் விசாரணையாக ஒலிக்கும். அனுமதிக் கடிதம் துறையிடமிருந்து வரட்டும். வினாப்பட்டியல் உன் குழுவிடமிருந்து நேரே போகட்டும். பதிலும் துறையின் கைபடாமல் உன்னிடமே திரும்பட்டும். இந்த மூன்றையும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே தெளிவாகச் சொல்லிவிடு.

நாள்காட்டியும் ஒரு பெரிய தடை. டாலிஸ் 2018 சுற்றில் தென் அரைக்கோள நாடுகளில் களப்பணி 2017 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலும், வட அரைக்கோள நாடுகளில் 2018 மார்ச் முதல் மே வரையிலும் நடந்தது. கல்வியாண்டின் பிற்பகுதியில் எல்லோரையும் சந்திக்க வேண்டும் என்பதே காரணம். அதற்குள்ளும் சிக்கல்கள் உண்டு. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. அரசுப் பள்ளிகளின் பணியிட மாற்றங்களும் அப்போதுதான் நடைமுறைக்கு வருகின்றன. அந்த மாதத்தில் போய், "கடந்த பன்னிரண்டு மாதங்களில் இந்தப் பள்ளியில் எத்தனை முறை வகுப்புகளைப் பார்வையிட்டீர்கள்?" என்று கேட்டால், நேற்று வந்து சேர்ந்தவர் என்ன சொல்வார்? தமிழ்நாட்டில் மார்ச், ஏப்ரல் என்றால் பொதுத்தேர்வு. நோன்பு மாதம், அறுவடை, மழைக்காலம் எல்லாவற்றையும் நாடு வாரியாகக் குறித்து ஒரே தாளில் வை. எந்த வாரத்தில் தலைமை ஆசிரியருக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரமிருக்கும் என்று அந்த நாட்டிலேயே வேலை பார்த்த ஒருவரிடம் கேள்.

இனி கேள்விகளுக்கு வருவோம். இவ்வகை வினாப்பட்டியல் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தை விழுங்கும். அந்த ஒரு மணி நேரத்தில் வாசலில் பெற்றோர் நிற்பார்கள், தொலைபேசி அடிக்கும், வராத ஆசிரியரின் வகுப்புக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். நம் ஊர்த் தலைமை ஆசிரியருக்கு எமிஸ் என்ற கல்வித்துறைத் தகவல் தளத்தில் பதிவேற்றுவதே எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பது உனக்குத் தெரியும். எனவே ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்திக் கேள்: இந்தப் பதிலை வைத்து நான் எந்த அட்டவணையை நிரப்பப் போகிறேன்? சொல்லத் தெரியாவிட்டால் கேள்வியை எடுத்துவிடு. மாணவர் எண்ணிக்கை, பகுதிநேர ஆசிரியர் எண்ணிக்கை போன்றவற்றை முன்கூட்டியே தனித்தாளில் அனுப்பு. அலுவலக எழுத்தர் பதிவேட்டைப் பார்த்து நிரப்பி வைப்பார். தலைமை ஆசிரியரின் நேரம் அவர் மட்டுமே சொல்லக்கூடியவற்றுக்காக மிஞ்சும். கடைசியில், "இந்தப் பட்டியலை நிரப்பியது யார்?" என்று ஒரு கேள்வி வை. துணைத் தலைமை ஆசிரியர் நிரப்பும் பள்ளிகள் எல்லா நாட்டிலும் உண்டு. அது குற்றமல்ல, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அடிக்கடி", "சில சமயம்" என்ற தெரிவுகளை நம்பி அதிகம் எழுதாதே. வாரம் ஒருமுறை வகுப்பைப் பார்ப்பது ஒரு நாட்டில் வழக்கமான கடமை, இன்னொரு நாட்டில் ஆசிரியர் மீது அவநம்பிக்கை. இயன்ற இடத்தில் எண்ணிக்கையையும் காலத்தையும் கேள்: "போன வாரம் எத்தனை வகுப்புகள்?" டாலிஸ், தலைமை ஆசிரியரின் நேரத்தை நிர்வாகம், கற்பித்தல் சார்ந்த பணி, மாணவர், பெற்றோர் என்று பிரித்துக் கூட்டுத்தொகை 100 வரும்படி கேட்கிறது. பயனுள்ள கேள்விதான். ஆனால் யாரும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. வரும் பதில்கள் நினைவிலிருந்து வரும் உத்தேசம். அவற்றை உத்தேசமாகவே நடத்து.

தன்னைப் பற்றித் தானே சொல்வதில் இன்னொரு சாய்வும் உண்டு. கல்வியாளர் ஃபிலிப் ஹாலிங்கர் 1980களில் உருவாக்கிய தலைமைத்துவ அளவுகோலில் தலைமை ஆசிரியருக்கு ஒரு படிவமும் அவருடைய ஆசிரியர்களுக்கு ஒரு படிவமும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த ஆய்வுகளில் தலைமை ஆசிரியர்கள் தங்களுக்கு ஆசிரியர்கள் தரும் மதிப்பைவிட உயர்ந்த மதிப்பைத் தந்துகொள்வது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. இதை வைத்து அவர்களைப் பொய்யர்கள் என்று எண்ணிவிடாதே. தாம் செய்ய முயல்வதை அவர்கள் சொல்கிறார்கள். தம்மிடம் வந்து சேர்ந்ததை ஆசிரியர்கள் சொல்கிறார்கள். வசதி இருந்தால் இரு தரப்பையும் கேள். இல்லாவிட்டால், அறிக்கையில் "தலைமை ஆசிரியர் செய்கிறார்" என்று எழுதாதே. "செய்வதாகச் சொல்கிறார்" என்று எழுது.

இப்போது நீ ஆவலோடு காத்திருக்கும் ஒப்பீடு. 200 பேரிடம் கேட்ட ஒரு சதவீதத்துக்கு எளிய கணக்கிலேயே ஏறத்தாழ 7 புள்ளிகள் இப்படியோ அப்படியோ நகரும் இடம் உண்டு. இரண்டு நாடுகளை எதிரெதிரே வைத்தால் அந்த இடைவெளி 10 புள்ளிகளை நெருங்கும். ஒரு நாட்டில் 54, இன்னொன்றில் 49 என்று வந்தால் முன்னது முந்தியது என்று எழுத உனக்கு உரிமை இல்லை. பல கேள்விகளைச் சேர்த்து உருவாக்கும் அளவுகோல்களுக்கு இன்னும் கடுமையான சோதனை உண்டு: எல்லா நாட்டினரும் அந்தக் கேள்விகளை ஒரே மாதிரி புரிந்துகொண்டு ஒரே அளவில் மதிப்பிட்டார்களா என்பது. டாலிஸின் பல அளவுகோல்கள் இந்தச் சோதனையின் கடைசிப் படியைத் தாண்டுவதில்லை. அவற்றின் நாட்டுச் சராசரிகளை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்று அதன் தொழில்நுட்ப அறிக்கைகளே எச்சரிக்கின்றன. அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் எது எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்து, அந்த உறவுகளை நாடுகளுக்கிடையே ஒப்பிடலாம். எந்த நாடு முதலிடம் என்ற கேள்வியைவிட அது பயனுள்ளது.

இதில் நமக்கே ஓர் அனுபவம் உண்டு. பீசா 2009 ஆய்வின் கூடுதல் சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. முடிவுகள் வந்தபோது பட்டியலின் அடியில் நம் பெயர் இருந்ததே பேச்சாயிற்று. அந்த ஆய்வில் பள்ளித் தலைமை ஆசிரியர்களும் ஒரு வினாப்பட்டியலை நிரப்பித் தந்தார்கள். அவர்கள் சொன்னவை தரவரிசையின் சத்தத்தில் அமிழ்ந்துபோயின. நேரம் ஒதுக்கிப் பதில் எழுதிய ஒரு மனிதருக்கு அது பெரிய இழப்பு. உன் அறிக்கையின் முதல் அட்டவணையாகத் தரவரிசையை வைக்காதே என்று மூத்தவர்களிடம் வாதாடு.

வாக்குறுதியைக் காப்பாற்று. ஐஸ்லாந்து, மால்டா போன்ற சிறிய நாடுகளில் பள்ளிகள் குறைவு என்பதால் அநேகமாக எல்லாப் பள்ளிகளுமே ஆய்வில் சேர்ந்துவிடும். அங்கே "தீவுப் பகுதி, பெண், பத்தாண்டு அனுபவம்" என்று மூன்று தகவல்கள் போதும். ஆளை ஊரே சொல்லிவிடும். பெயரை நீக்கினால் ரகசியம் காத்ததாக எண்ணாதே. தரவை வெளியிடும் முன் சிறு பிரிவுகளை ஒன்றாக்கு, வயதை வரம்புகளாக மாற்று, திறந்த கேள்விகளுக்கு எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார். துறையின் அதிகாரி யாராவது தனிப் பள்ளியின் பதிலைக் கேட்டால் தர முடியாது என்று சொல்லும் துணிவு உனக்கு வேண்டும். அந்த மறுப்பை ஒப்பந்தத்தில் முன்பே எழுதி வைத்திருந்தால் துணிவு எளிதாகும்.

கடைசியாக ஒன்று. ஆய்வு முடிந்ததும் பங்கேற்ற ஒவ்வொரு தலைமை ஆசிரியருக்கும் அவருடைய மொழியில் இரண்டு பக்கம் அனுப்பு: உங்களைப் போன்ற பள்ளிகளில் என்ன தெரியவந்தது, நீங்கள் சொன்னதால் எந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது, எதற்கு இன்னும் கிடைக்கவில்லை. இதற்கான பணத்தையும் ஆளையும் இப்போதே திட்டத்தில் சேர்க்கச் சொல். முடிவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அது நடக்காது. தந்தவருக்குத் திருப்பித் தருவது மரியாதைக்காக மட்டுமல்ல. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அடுத்த சுற்றுக்கு வேறொரு இளைஞர் அதே பள்ளி வாசலில் நிற்பார். அவருக்குக் கிடைக்கும் பதில் நீ இப்போது நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தது.

இந்த வாரமே ஒரு வேலை செய். உன் வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஒரு தலைமை ஆசிரியரிடம் போ. அவர் நிரப்பும்போது அருகில் உட்கார்ந்து, எந்தக் கேள்வியில் பேனா நிற்கிறது, எதை இரண்டு முறை படிக்கிறார், எங்கே உன்னை நிமிர்ந்து பார்க்கிறார் என்று குறித்துக்கொள். ஒவ்வொரு நாட்டிலும் உன் கூட்டாளிகளை இதையே செய்யச் சொல். அந்தக் குறிப்புகளோடு எனக்கு எழுது. சேர்ந்து கேள்விகளைத் திருத்துவோம்.

அன்புடன்,
உன் மூத்த தோழமை