பக்கத்து ஊர்க்காரர் எப்படிக் கொலை செய்தார்?

கேள்வி: ஐயா, நான் தோட்டப் பாடசாலை ஆசிரியை. வகுப்பில் பிந்துனுவெவ பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு மாணவன், "மனுசன் இரத்தத்திலேயே அது இருக்கு டீச்சர், யாரை என்ன சொல்றது?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது சரியா?
– வாசகி, பசறை

பதில்: கால்வாசி சரி. அடிக்கவும் கொல்லவும் எல்லாராலும் முடியும். ஆனால் அது அவ்வளவு லேசில் வராது. நேருக்கு நேர் நிற்பவன் மேல் கை வைக்க மனிதனுக்கு உள்ளூர நடுக்கம்தான் வருகிறது என்கிறார் சமூகவியலாளர் ரண்டல் கொலின்ஸ், 2008இல் வெளிவந்த தம் நூலில். பெரும்பாலான சண்டைகள் வாய்ச்சவடாலோடு முடிவது அதனால்தான். அந்த நடுக்கம் விலகுவதற்கு, எதிரில் இருப்பவர் திருப்பி அடிக்க முடியாதவராக இருக்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் தடுக்காமலும் இருக்க வேண்டும்.

பிந்துனுவெவவில் இரண்டும் வாய்த்தன. 2000 ஒக்டோபர் 25 காலை அங்குள்ள புனர்வாழ்வு முகாமில் இருந்த 41 தமிழர்களிடம் ஆயுதம் இல்லை. சிலர் சிறுவர்கள். முந்தின இரவே ஊரார் திரண்டதால் காவலுக்கு வந்த பொலிஸார் சுமார் 60 பேர், துப்பாக்கியோடு நின்றார்கள். கத்தி, பொல்லுகளோடு வந்த கூட்டம் குறைந்தது 27 பேரைக் கொன்றது. பொலிஸார் அதைக் கலைக்கவில்லை. 2003இல் கொழும்பு மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது, இருவர் பொலிஸார். 2005இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு, அந்த ஐவருமே விடுதலையாகியிருந்தார்கள்.

கூட்டத்துக்கு அந்தத் துணிச்சல் ஒரே இரவில் வரவில்லை. 1983 ஜூலையில், பிந்துனுவெவ இருக்கும் பதுளை மாவட்டத்திலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரித்தவர்கள் ஊரில்தான் இருந்தார்கள். கேட்பாரில்லை என்பதை அப்போதே ஊர் கண்டுகொண்டது.

தோட்டத்து லயத்திலும் இதே கணக்குத்தான். "கோபத்துல கை நீண்டிருச்சு" என்று மனைவியை அடித்தவன் சொல்வான். அன்று காலை மலையில் துரை திட்டியபோது அந்தக் கை நீளவில்லையே! ஆள் பார்த்து வருகிற கோபத்தை இரத்தத்தின் மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த வகுப்பில் அந்த மாணவனிடம் கொன்றவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். துப்பாக்கியோடு நின்ற அந்த 60 பேர் என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள்.