சொல் இடம் மாறினால் அழுத்தம் கூடும்

கம்பராமாயணத்தில், இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன், 'கண்டேன்' என்று பொருள்படும் வினையையே இராமனிடம் முதலில் கூறுகிறான். சீதையின் பெயரை முதலில் கூறியிருந்தால், அடுத்த சொல் வரும்வரை இராமன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

இவ்வாறு முக்கியமான சொல்லை முன்னே வைக்கும் முறை ஆங்கிலத்திலும் உண்டு. 'ஐ ஹேவ் நெவர் சீன் ஸச் எ க்ரௌட்' என்பது சாதாரண வாக்கியம். பூந்தமல்லியில் திருவிழாக் கூட்டத்தைக் கண்டு வியக்கும்போது, 'நெவர் ஹேவ் ஐ சீன் ஸச் எ க்ரௌட்' என்று அழுத்திக் கூறலாம். 'நெவர்' முதலில் வந்தவுடன், கேள்வி வாக்கியத்தில் போலவே, 'ஹேவ்' என்ற துணைவினை எழுவாய்க்கு முன் வந்துவிடுகிறது. செல்டம், ஹார்ட்லி போன்ற சொற்களுக்கும் இதே விதிதான்.

துணைவினை இல்லாவிட்டால் டூ, டஸ், டிட் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 'ஷி செல்டம் ஸ்பீக்ஸ்' என்பது 'செல்டம் டஸ் ஷி ஸ்பீக்' ஆகும். 'ஸ்பீக்ஸ்' தன் ஈற்று 'ஸ்' ஒலியை இழந்ததைக் கவனியுங்கள்.

பேருந்து வருகையில் 'ஹியர் கம்ஸ் தி பஸ்' என்கிறோம். பெயருக்குப் பதில் 'இட்' வந்தாலோ, 'ஹியர் இட் கம்ஸ்' என்பதே சரி.

தமிழில் 'வந்தாள் அவள்' என்றாலும் பொருள் கெடுவதில்லை; வினையின் விகுதியே எழுவாயைக் காட்டிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் நம்மில் பலர் 'நெவர் ஐ ஹேவ் சீன்' என்று எழுதித் தேர்வில் மதிப்பெண் இழக்கிறோம். ஆங்கிலத்தில் சொல்லின் இடமே இலக்கணம்.

மாணவியரே, இம்முறை கறிக்கு உப்புப் போன்றது. கட்டுரையில் ஓரிரு இடங்களில் அளவோடு சேர்ப்போம், சுவை கூடும்.