கட்டற்ற மென்பொருளும் அலுவலகப் பயனரும்

நுழையும்முன்

மென்பொருளை ஆக்குபவர் ஒருவர்; அதனைக்கொண்டு நாள்தோறும் கடிதமும் கணக்கும் எழுதுபவர் வேறொருவர். இவ்விருவருக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைப்பதே வடிவமைப்பு. எல்லாருக்கும் உரிமையான கட்டற்ற மென்பொருள், எல்லாராலும் இயக்கத்தக்கதாகவும் அமைய வேண்டியதன் தேவையை இப்பாடம் விளக்குகிறது.

நான்கு உரிமைகள்

அமெரிக்க நிரலாளர் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். மென்பொருளை எந்நோக்கத்திற்காகவும் இயக்குதல், மூலநிரலைக் கற்றுத் தேவைக்கேற்ப மாற்றுதல், படியெடுத்துப் பிறருக்கு வழங்குதல், மாற்றிய வடிவத்தைப் பகிர்தல் ஆகிய நான்கு உரிமைகளையும் அளிப்பதே கட்டற்ற மென்பொருள் ஆகும். விலையின்மை அன்று, உரிமையே இதன் இலக்கணம்.

இந்நான்கனுள் மூலநிரலை மாற்றும் உரிமையை நேரடியாக நுகர்வோர் சிலரே. ஓர் அலுவலக எழுத்தருக்கு முதன்மையாகப் பயன்படுவது, மென்பொருளை இயக்கும் முதல் உரிமை. அதனையும், இயக்கும் முறை விளங்கினால்தான் அவரால் நுகர இயலும். உரிமத்தில் எழுதப்பட்ட உரிமை திரையில் கைகூடாவிடின், அஃது ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும்.

ஆக்குவோரும் பயன்படுத்துவோரும்

தொடக்கக் காலத்தில் கட்டற்ற மென்பொருளை ஆக்கியோரே பெரும்பாலும் அதன் பயனராகவும் இருந்தனர். தமக்கு வேண்டியதைத் தாமே எழுதிக்கொண்டமையால், கட்டளை வரிகளும் எண்ணற்ற அமைப்புத் தெரிவுகளும் அவர்களுக்குச் சுமையாகத் தோன்றவில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், குனு கருவிகளோடு இணைந்து வழங்கிக் கணினிகளில் விரைவில் வேரூன்றியது. அலுவலக மேசையிலோ அதன் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. மென்பொருளின் ஆற்றல் குறைவன்று, அவ்வாற்றலைப் பிறர் எட்டும் வழி செவ்வையாக அமையாமையும் இதற்கு ஒரு காரணமாகும்.

லினக்ஸில் இயங்கும் குனோம் என்னும் மேசைத்தளத்தின் வரலாறு இதற்குச் சான்று. அதனை முன்பு பயன்படுத்தியிராதவர்களைக் கணினிமுன் அமர்த்தி, சில பணிகளைக் கொடுத்து, அவர்கள் தடுமாறும் இடங்களைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2001இல் ஆராய்ந்து வெளியிட்டது. நிரலாளர்க்குத் தெளிவாகத் தோன்றிய பெயர்களும் பட்டிகளும் புதியவர்களைக் குழப்பின. 2002இல் வெளிவந்த குனோம் 2.0 பதிப்பில் பல அமைப்புத் தெரிவுகள் நீக்கப்பட்டன. இடைமுகம் அமைப்பதற்கான நெறிமுறைகளும் அதே ஆண்டில் வகுக்கப்பட்டன. பழகிய பயனர் சிலர் இதனைக் கடிந்தனர். எனினும், ஒவ்வொரு தெரிவும் பயனரிடம் ஒரு வினாவை எழுப்புகிறது என்பதும், விடையறியா வினாக்கள் பெருகினால் அவர் மனம் தளர்கிறார் என்பதும் அதனால் உணரப்பட்டன.

பழக்கத்தை மதித்தல்

அலுவலகப் பணியாளர் கணினியை நேசித்து அதன்முன் அமர்வதில்லை. மாலைக்குள் முடிக்க வேண்டிய பணிக்காகவே அமர்கிறார். பல்லாண்டு பயின்ற விசைகளும் பட்டிகளும் அவருடைய உழைப்பில் விளைந்த செல்வம். புதிய மென்பொருள் அச்செல்வத்தை ஒரே நாளில் பறித்தல் ஆகாது.

ஸ்டார் ஆபீஸ் என்னும் அலுவலகத் தொகுப்பை 1999இல் வாங்கிய சன் நிறுவனம், 2000இல் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. அதிலிருந்து ஓபன் ஆபீஸ் தோன்றியது. அதன் கிளையாக 2010இல் லிப்ரே ஆபீஸ் உருவாயிற்று. இதற்கிடையே 2007ஆம் ஆண்டின் மைக்ரோசாப்ட் ஆபீஸ் பதிப்பில், பழைய பட்டிகளின் இடத்தை அகன்ற நாடா வடிவம் பிடித்தது. லிப்ரே ஆபீஸ் பழைய பட்டிகளைக் கைவிடவில்லை. நாடா வடிவத்திற்குப் பழகியோர்க்காக, தத்தல்கள் கொண்ட இடைமுகத்தை 2019இல் வெளிவந்த 6.2 பதிப்பில் மாற்றுவழியாக அளித்தது. தேடாமலே கிடைக்கும் ஒரு நல்ல இயல்பமைப்பு, வேண்டுவோர்க்கு எளிதில் எட்டும் ஒரு மாற்று என்பதே இதன் நெறி.

பிரான்சு நாட்டின் ஜாந்தார்மரி என்னும் காவற்படையும் இந்நெறியையே பின்பற்றியது. முதலில், பழகிய விண்டோஸ் கணினிகளிலேயே 2005இல் ஓபன் ஆபீஸையும், அடுத்த ஆண்டில் பயர்பாக்ஸ் உலாவியையும் தண்டர்பேர்டு அஞ்சல் மென்பொருளையும் புகுத்தியது. 2008இல்தான் இயங்குதளத்தை உபுண்டுவுக்கு மாற்றத் தொடங்கியது. தளம் மாறியபோது, அன்றாடக் கருவிகள் காவலர்க்கு முன்பே கைப்பழகியிருந்தன.

மியூனிக் நகரின் பட்டறிவு

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி, லினக்ஸுக்கு மாறுவதென 2003இல் முடிவுசெய்து, 2013ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. ஒவ்வொரு துறையும் வெவ்வேறு கடிதத் தலைப்புகளையும் படிவங்களையும் கையாண்டு வந்தது. அவற்றை ஒழுங்குபடுத்த, உல்மக்ஸ் என்னும் இணைமென்பொருளை நகராட்சி நிரலாளர்களே உருவாக்கினர். வார்ப்புருவைத் தெரிவுசெய்ததும் அலுவலரின் பெயர், துறை, முகவரி முதலியன அதில் தாமே அமைந்தன. பணியாளரின் நாள்முறை வேலையிலிருந்து பிறந்த இக்கருவி 2008இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது.

எனினும், வெளியிலிருந்து வரும் ஆவணங்களின் வடிவம் குலைதல், சில துறைமென்பொருள்கள் விண்டோஸையே சார்ந்திருத்தல் ஆகியன குறைகளாகச் சுட்டப்பட்டன. சிக்கல் மென்பொருளில் இல்லை, தகவல்தொழில்நுட்ப நிருவாகத்தில்தான் உள்ளது என்று வாதிட்டோரும் உண்டு. 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப நகரமன்றம் முடிவெடுத்தது. 2020இல் அமைந்த கூட்டணியோ, இயன்ற இடங்களில் திறந்த மென்பொருளுக்கே முதலிடம் என்று அறிவித்தது. தனி ஓர் அலுவலகத்தின் விருப்பம் மட்டும் போதாது. பிறரோடு தடையின்றிக் கோப்புகளைப் பரிமாறவும் வேண்டும். 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவத்தின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

தாய்மொழியில் இடைமுகம்

பயனர் அறிந்த சொல் திரையில் இருத்தலும் வடிவமைப்பின் பகுதியே. மூலநிரல் திறந்திருப்பதால் எம்மொழியினரும் ஒரு நிறுவனத்தின் இசைவுக்குக் காத்திராமல் தம் மொழியைச் சேர்க்கலாம். லிப்ரே ஆபீஸ் தமிழ் இடைமுகத்தையும் கொண்டுள்ளது. உயர்கணிப்பு வளர்ச்சி மையத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இந்திய மொழிகளைக் கருத்தில் கொண்டதே. ஆயினும், சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் போதாது. ‘சேமி’ என்னும் சொல் உடனே விளங்குகிறது. அகராதியைத் தேடவைக்கும் அருஞ்சொல் பயனரை மீண்டும் ஆங்கிலப் பட்டிக்கே விரட்டிவிடும்.

நிறைவாக

கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்போர் நிரலாளர் மட்டும் அல்லர். பிழையைத் தெளிவாக எழுதி அறிவிப்பவர், உதவிக் குறிப்புகளை எளிய நடையில் வரைபவர், சொற்களைத் தேர்ந்து மொழிபெயர்ப்பவர், புதியவர் தடுமாறும் இடத்தை உற்றுநோக்கிக் குறிப்பெடுப்பவர் ஆகிய அனைவருக்கும் அதில் இடமுண்டு. தடுமாறும் பயனரை அறியாதவர் என ஒதுக்காமல், தம் பணியில் திருத்த வேண்டிய இடத்தைக் காட்டுபவராக வடிவமைப்பாளர் கருதுதல் வேண்டும். அவ்வாறு கருதும்போதே உரிமத்தில் உள்ள உரிமை அலுவலக மேசையை வந்தடையும்.