புரட்டாசியிலேயே தொழு உரத்தில் டிரைக்கோடெர்மாவை ஏற்றுங்கள்

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஐப்பசித் தொடக்கத்தில் இறங்கிவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றங்கால் போடுகிறவர்கள் விதைக்கிற அன்றே இன்னொரு வேலையையும் தொடங்கிவிட வேண்டும். நாற்று நடவுக்கு வருவதற்குள் டிரைக்கோடெர்மா என்கிற நன்மை செய்யும் பூசணம் ஏறிய எரு தயாராக இருக்க வேண்டும். மழை விழுந்த பிறகு பொட்டலத்தைத் தேடி ஓடுவதில் பயனில்லை.

ஏக்கருக்கு நன்றாக மட்கிய தொழு உரம் 90 கிலோ, வேப்பம் புண்ணாக்குத் தூள் 10 கிலோ, டிரைக்கோடெர்மா விரிடி 1 கிலோ. மர நிழலில் கலந்து குவித்து, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடுங்கள். கைப்பிடி எருவை அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் எருவின்மேல் வெள்ளையாகப் பூசணம் படர்ந்து, பிறகு பச்சையாக மாறும். அதைப் பார்த்து எரு கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள்; நாம் வளர்க்க நினைத்ததே அதுதான். பச்சைச் சாணத்தில் மட்டும் கலக்க வேண்டாம், மட்கும்போது எழும் சூடு இதற்கு ஆகாது.

இத்தனை முன்யோசனை எதற்கு? நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம், மண்ணில் தேங்கும் நீரில் நீந்திப் பரவும். முதல் நாள் நிமிர்ந்து நின்ற நாற்று, மறுநாள் தரையை ஒட்டிய தண்டு நீர்கோத்துப் பழுத்து, திட்டுத் திட்டாகச் சாய்ந்து கிடக்கும். டிரைக்கோடெர்மா இத்தகைய பூசணங்களின் இழைகளைச் சுற்றி வளைத்து உண்ணக்கூடியது. ஆனால் அது முன்னதாகவே வேர்ப்பகுதியில் குடியேறியிருக்க வேண்டும்; சாய்ந்த நாற்றை அதனால் எழுப்ப முடியாது. மேட்டுப்பாத்தியும் வடிகாலும் இல்லாத நாற்றங்காலில் எந்த நுண்ணுயிரும் உங்களைக் காப்பாற்றாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விதைக்கு சூடோமோனாஸ் போதும். கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கு. 200 கிராம் விதை என்றால் 2 கிராம். ஆறிய வடிகஞ்சியில் பிசிறி நிழலில் உலர்த்தி விதையுங்கள். நடவன்று அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா கரைத்த நீரில் நாற்றின் வேரைக் கால் மணி முதல் அரை மணி நேரம் நனைத்து, வெயில் தாழ்ந்த பின் நடுங்கள். அவரை, தட்டைப்பயறு போடுகிறவர்களுக்கு ரைசோபியம். பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது.

பொட்டலம் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்த்தே வாங்குங்கள். உள்ளே இருப்பது உயிர். வெயிலில் அடுக்கி வைத்த கடையில் அது செத்திருக்கும். தூள் வடிவில் உள்ளவை சில மாதங்களே தாங்கும். இவற்றோடு சாம்பலையோ போர்டோ கலவையையோ சேர்க்காதீர்கள்.

ஜீவாமிர்தம் ஊற்றுகிறவர்கள் தொடர்ந்து ஊற்றுங்கள், ஆனால் காய்ந்த மண்ணில் அல்ல. எருவும் மூடாக்கும் இல்லாத வெறும் மண்ணில் எதை ஊற்றினாலும் நிலைக்காது; நுண்ணுயிருக்கும் தீனி வேண்டும்.

உயிர் உரங்கள் உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.