புனிதர் படைத்த எழுத்து

எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்பர் நம் முன்னோர். பேச்சு இருந்தும் எழுத்து இல்லாத மக்களுக்கு அந்தக் கண்ணைத் திறந்து வைத்த ஒரு துறவியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

ரஷ்ய நாட்டின் ஐரோப்பியப் பகுதியில், வடகிழக்கே, அடர்ந்த காடுகளும் ஆறுகளும் நிறைந்த நிலத்தில் வாழ்பவர் கோமி மக்கள். வேட்டையும் மீன்பிடித்தலும் அவர்களுடைய பழந்தொழில்கள். அவர்கள் மொழி ரஷ்ய மொழிக்கு உறவன்று. பின்னிய மொழிக்கும் ஹங்கேரிய மொழிக்கும் தூரத்து உறவினது.

அவர்கள் நாட்டை அடுத்த உஸ்தியுக் என்னும் ஊரில் பிறந்தவர் ஸ்தேவான். ரோஸ்தோவ் நகர மடத்தில் துறவியாகிக் கிரேக்க மொழி கற்றார். கோமி மக்களுக்கு நற்செய்தி அறிவிக்க விரும்பிய அவர், அவர்கள் மொழிக்கென 1372-ஆம் ஆண்டில் புதிய எழுத்துகளை வகுத்தார். முதல் இரு எழுத்துகளான ‘அன்’, ‘புர்’ என்பவற்றின் பெயரால் அது ‘அன்புர்’ எனப்படுகிறது. கிரேக்க, ஸ்லாவிய எழுத்துகளின் சாயல் அதில் உண்டு. கோமி மக்கள் தம் உடைமைகளில் செதுக்கி வந்த ‘பாஸ்’ என்னும் அடையாளக் குறிகளின் சாயலும் உண்டு என்பர் அறிஞர்.

இம்முயற்சியை எல்லாரும் பாராட்டவில்லை. உலகம் படைக்கப்பட்டு ஏழாயிரம் ஆண்டுகள் நிறைந்ததும் முடிவு வரும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். “இன்னும் 120 ஆண்டுகளே உள்ளன, இப்போது எதற்குப் புதிய எழுத்து?” என்று சிலர் குறை கூறியதை, அவர் வரலாற்றை எழுதிய எப்பிஃபானியுஸ் என்னும் துறவி குறித்துள்ளார். ஸ்தேவான் தளரவில்லை. 1379-இல் கோமி நாடு சென்றார், கோயில் கட்டினார், செபங்களை மொழிபெயர்த்தார், சிறுவர்க்குக் கல்வி புகட்டினார். 1383-இல் அவர்களின் முதல் ஆயரானார். 1396-இல் மாஸ்கோவில் இறைவனடி சேர்ந்தார்.

பிற்காலத்தில் ரஷ்ய எழுத்தின் செல்வாக்கு ஓங்கியது. 17-ஆம் நூற்றாண்டுக்குள் அன்புர் வழக்கொழிந்தது. திருப்படங்களின் வாசகங்களும் ஏட்டோரக் குறிப்புகளுமாகச் சிறிதளவே எஞ்சின. 1920-களில் மொலட்சோவ் என்னும் மொழியறிஞர் அமைத்த எழுத்துமுறை கோமிப் பள்ளிகளில் வழங்கியது. 1930-களில் அதையும் நீக்கி லத்தீன் எழுத்தைப் புகுத்தினர். சில ஆண்டுகளில் அதையும் விட்டு ரஷ்ய எழுத்துக்கே திரும்பினர். ஒரே தலைமுறை மூன்று முறை எழுதப் படிக்கக் கற்க வேண்டியதாயிற்று!

அப்படியானால் ஸ்தேவானின் உழைப்பு வீணா? எஞ்சிய அச்சிறு வாசகங்களால்தான் அறிஞர்கள் 600 ஆண்டுகளுக்கு முந்திய கோமி மொழியை அறிகின்றனர். 2014-இல் அன்புர் எழுத்துகள் யுனிகோடு என்னும் கணினி எழுத்துத் தொகுப்பிலும் இடம்பெற்றன.

தாய்மொழியில் வழிபட நம் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியாக 1963-இல் வழி திறந்தது. அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஓர் எளிய மக்களின் மொழியும் இறைவனைப் புகழத் தகுந்தது என உணர்ந்தவர் ஸ்தேவான். அன்புத் தோழியரே! பிறருக்கு ஒன்றைக் கற்பிக்கச் செல்லுமுன், அவர்கள் மொழியைக் கற்று மதிப்பதே அன்பின் முதற்படி என்பதை அவரிடம் கற்போமாக!