கார்த்திகையில் சனி: கிரக நிலையை அறியும் முறை

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் மூடப்பட்டன. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்து வந்த தொழிலாளர்கள் வேலை இழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். இத்தகைய துன்பம் நேரும்போது, 'இது சனியின் செயலோ?' என்று மனம் ஐயுறுவது இயல்பே. அந்த ஐயத்தை நம் சாஸ்திர முறைப்படியே ஆராய்வோம்.

நட்சத்திரமும் பாதமும்

ராசிச் சக்கரத்தின் 360 பாகைகளை 27 நட்சத்திரங்கள் சமமாகப் பகிர்ந்து கொள்கின்றன. ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. அதன் நான்கில் ஒரு பங்கு பாதம் எனப்படும். ஒரு கிரகத்தின் நிலையை அறிய நான்கு செய்திகளை நோக்க வேண்டும்: கிரகத்தின் காரகத்துவம், அது நிற்கும் ராசியின் அதிபதி, நட்சத்திரத்தின் அதிபதியும் தேவதையும், நவாம்சம்.

அன்று திருக்கணிதப்படி சனி ரிஷப ராசியில், கார்த்திகை இரண்டாம் பாதத்தில் இருந்தது. சனி உழைப்புக்கும் உழைப்பாளருக்கும் காரகன். ராசி அதிபதியான சுக்கிரன் சனிக்கு நட்பு. நட்சத்திர அதிபதியான சூரியனோ பகை. சூரியன் அரசையும் குறிப்பவன். நட்சத்திர தேவதை பொன்னைப் புடமிடும் அக்கினி. நவாம்சமோ சனியின் சொந்த வீடாகிய மகரம். ஆக, நட்பு, பகை, சுயபலம் ஆகிய மூன்றும் இங்கே கலந்துள்ளன. இவற்றுள் பகையை மட்டும் எடுத்துக்கொண்டு, 'அரசு நிறுவனத்தில் உழைப்பவர்க்குக் கேடு' என்று பலன் கூறுவது எளிது. நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு அது மிகப் பொருத்தமாகவும் தோன்றும்.

இரண்டு சோதனைகள்

சனி ராசிச் சக்கரத்தைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகும். எனவே 1971இலும் சனி இதே பாதத்தைக் கடந்தது. அப்போது சுரங்கங்கள் மூடப்படவில்லை. மறு ஆண்டு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. நிலை ஒன்றே, நிகழ்ச்சிகள் வேறு.

அடுத்து, ரிஷப ராசியினருக்கு அது ஜன்ம சனி. கடக ராசியினருக்கோ லாப ஸ்தானமாகிய பதினோராம் இடத்துச் சனி. ஆயினும் சுரங்க வாயில் மூடியபோது இரு ராசியினரும் ஒருங்கே வேலை இழந்தனர். பாறையில் பொன்னின் அளவு குறைந்ததும், ஆழம் கூடக் கூடச் செலவு பெருகியதுமே அதற்குக் காரணங்கள்.

சாதகன் கொள்ள வேண்டியது

கிரக நிலை குணங்களைச் சுட்டும் ஒரு குறியீடு, தீர்ப்பு அன்று. துன்பத்தின் காரணத்தை வானத்தில் மட்டும் தேடுபவன் மண்ணில் உள்ள காரணத்தைக் காணத் தவறுகிறான். வேலை இழந்தவனிடம், 'உன் கிரகம் அப்படி' என்று கூறுவது ஆறுதலும் அன்று, அறமும் அன்று. அது அவன் நெஞ்சுரத்தையும் பறிப்பதாகும்.

யோக வாசிஷ்டத்தின் முமுக்ஷு பிரகரணம் விதியைவிட முயற்சிக்கே முதன்மை அளிக்கிறது. முன்பு செய்த முயற்சியின் பயனே விதி என்பதும், இன்றைய முயற்சி அதனை வெல்லவல்லது என்பதும் அதன் கருத்து. சுரங்கம் மூடிய பின்னர், தங்கவயல் மக்கள் பலர் விடியுமுன் எழுந்து, ரயிலேறிப் பெங்களூரு சென்று உழைத்து, இரவில் வீடு திரும்பி, தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். சனி உழைப்பின் காரகன் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை.